நாலு வீட்டு அட்வான்ஸ்

பத்திர ஆபீஸில் எங்கள் டோக்கன் பதினேழு. பதிமூன்றாவது ஆளைத்தான் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் சார்லஸ் குவைத்தில் பதினாலு வருஷம் லாரி ஓட்டியவர். எங்கள் மகள் பிளெஸ்ஸி பிறந்ததையே போனில்தான் பார்த்தார். அந்தச் சம்பாத்தியத்தோடு அரிமளத்து நிலம் விற்ற காசையும் சேர்த்து, புதுக்கோட்டையில் நாலு குடித்தனம் இருக்கும் மாடிக் கட்டடத்தை வாங்குகிறோம். நாற்பத்திரண்டு லட்சம். மாசம் இருபத்திநாலாயிரம் வாடகை வரும், இனி குவைத் கிடையாது என்றார். பத்தொன்பதாம் தேதி குவைத் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிவிட்டதாகச் சொன்னார். அதைக் கேட்ட பிளெஸ்ஸி அவருடைய பெரிய பெட்டியைக் காலி செய்து, தன் பழைய புத்தகங்களை அடுக்கிவிட்டாள்.

எனக்கு இதில் இஷ்டமே இல்லை. காசை பேங்கில் போடுவோம் என்று ஒரு மாசம் தொண்டை வறளக் கத்தினேன். "இடம் வெல ஏறும், பேங்க் காசு ஏறுமா?" என்று ஒரே பாட்டைப் பாடினார். கட்டடத்தை குவைத்திலிருந்தே வீடியோ காலில் பார்த்தார். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. லீவில் வந்த கையோடு பத்து லட்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தமும் போட்டுவிட்டார்.

காத்திருந்த நேரத்தில், விற்கிற நாகராசுவிடம் சும்மாதான் கேட்டேன். "அண்ணே, குடியிருக்கவங்க குடுத்த அட்வான்ஸ இன்னைக்கே எங்ககிட்ட ஒப்படைச்சிருவீங்கல்ல?"

"எல்லாம் தெரிஞ்ச சனம்மா. அட்வான்ஸே வாங்கல."

பதினோரு வருஷம் வாடகை வீட்டில் காலம் தள்ளியவள் நான். கூடப் பிறந்தவளுக்கே வீடு விட்டாலும் அட்வான்ஸைக் கையில் வாங்காமல் சாவி தராத ஊர் இது. இந்த ஆள் நாலு வீட்டுக்கும் வாங்கவில்லையாம்.

தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் கட்டடத்து வாசலில் நின்றேன். கீழ் வீட்டில் சிவரஞ்சனி என்ற பெண் கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாடகை எவ்வளவும்மா குடுக்குறீங்க?"

"வாடகையா? நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம்க்கா. மொத்தமா அஞ்சு லட்சம் குடுத்து ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கிட்டோம், மாச வாடகை கெடையாது. மாடில ரெண்டு வீடும் அப்படித்தான். பின்னாடி வீடு மட்டுந்தான் வாடகை." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தையில கெடு முடியுது. நீங்க வாங்குனா எங்க காச நீங்கதானக்கா திருப்பித் தரணும்?"

மூன்று வீடு, பதினைந்து லட்சம். பதிவு செய்யாமல் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ஒத்தி எந்த வில்லங்கத்திலும் வராது. சார்லஸுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். திருச்சி ரோட்டில் ஸ்கூட்டியைத் திருப்பி விரட்டியபோது பஸ்ஸையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது அவர் கட்டைவிரலைக் கைரேகை மிஷினில் வைக்கப்போனார். கையைப் பிடித்து இழுத்தேன்.

"வைக்காதீங்க. மூணு வீடு ஒத்தி. வாடகை ஒண்ணுலதான் வருது. தையில பதினஞ்சு லட்சம் நம்ம குடுக்கணும்."

சார்லஸ் நாகராசுவைப் பார்த்தார். அந்த ஆள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"ஒத்தி ஊர்ல இல்லாததா தங்கச்சி? இப்பப் பின்வாங்குனா முன்பணம் பத்து லட்சம் வராது. ஒப்பந்தத்துல எழுதிருக்கு."

வைத்தால் பதினைந்து, எடுத்தால் பத்து. ஆபீஸரும் பேனாவை மூடிவிட்டு எங்களையே பார்த்தார். சார்லஸ் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு எழுந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் என் வாய் நிற்கவில்லை. கேஸ் போடுவோம், வக்கீலைப் பார்ப்போம், மிச்சக் காசாவது தப்பித்ததே என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் மொபைலை ஆன் செய்து எதையோ தேடி என்னிடம் நீட்டினார். பத்தொன்பதாம் தேதி டிக்கெட். அப்படியே இருந்தது.

"கேன்சல் பண்ணிட்டேன்னு சொன்னீங்க."

"பயமா இருந்துச்சு ஷர்லி."

அவரை அங்கேயே அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டார்.

"பெட்டிய பிளெஸ்ஸிகிட்ட நீயே கேட்டு வாங்கித் தர்றியா? என்னால கேக்க முடியாது."