சட்டை உரிக்காத பாறை

எங்கள் ஊர்ப் பாறை வருஷத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். சித்திரை வெயிலில் கொதித்துக் கிடந்து, முதல் கோடை மழையை வாங்கிய மறுநாள் வெங்காயத் தோல் மாதிரி நாலு சில்லு கழன்று விழும். பாம்புதானே சட்டை உரிக்கும்? ஆகவே பாறை நாகாத்தம்மன். சில்லைப் பொறுக்கி வீட்டு நிலையில் வைத்தால் பூச்சி பொட்டு அண்டாது.

இதையெல்லாம் பாறை யாருடைய உதவியும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் செம்மலுக்கு அது பொறுக்கவில்லை.

விராலிமலையில் மூன்று கல்யாண மண்டபத்துக்கும், தன் பெயருக்கு முன்னால் ஐந்து பட்டத்துக்கும் அவர் சொந்தக்காரர். "அம்மா வெயில்ல காயிறா, மழையில நனையிறா, பாக்கச் சகிக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாறைக்கு மேல் கான்கிரீட் மண்டபம் எழுப்பினார். பாறை சின்னது, மண்டபம் பெரியது. முகப்பில் செம்மலின் பெயர் அதைவிடப் பெரியது.

இரண்டு கோடை போயிற்று. ஒரு சில்லு விழவில்லை.

மூன்றாம் வருஷம் ஊர்க்கூட்டம் கறாராகச் சொல்லிவிட்டது: இந்தத் திருவிழாவிலும் உரியாவிட்டால் தலைவர் பதவி உரக்கடை ஆவுடையப்பனுக்கு.

செம்மல், கல்குவாரியில் வேலை பார்க்கும் மலையாண்டியை வரவழைத்தார்.

"என்னய்யா ஆச்சு இதுக்கு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. வெயில்ல கல்லு விரியும், மழையில சுருங்கும். கீறல்ல தண்ணி எறங்கி உள்ளுக்குள்ள அரிக்கும். அப்படியே மேல் ஏடு விட்டுப்போகும். நீங்கதான் நெழல்ல உக்கார வச்சிட்டீங்களே. கூரையை எடுத்துடுங்க."

"கூரையை எடுத்தா பேரு எங்கய்யா நிக்கும்?"

குவாரியில் அந்தப் பாடம் இல்லாததால் மலையாண்டி தலையைச் சொறிந்தார்.

செம்மலே வழி கண்டுபிடித்தார். வெயிலுக்குப் பதில் யாகம். மழைக்குப் பதில் நூற்றெட்டுக் குடம் தண்ணீர்.

"வேண்டாண்ணே. வெடிமருந்து இல்லாத காலத்துல கல்லு ஒடச்சதே இப்படித்தான். ஏடு விடாது, பொளந்துரும்."

"நீ கல்லு ஒடைக்கிறவன். ஒன் புத்தி அங்கிட்டுதான் போகும்."

விழாவுக்கு எம்.எல்.ஏ. வந்தார். பாறையைச் சுற்றி விறகு அடுக்கி, விடிந்ததிலிருந்து நெய் வார்த்து எரித்தார்கள். உச்சிவேளைக்குள் அது தோசைக்கல் பதத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டுமென்று மணமேல்குடி மீன் ஏலக்கூடத்திலிருந்து ஐஸ்கட்டி வரவழைத்திருந்தார் செம்மல். தீர்த்தத்தில் லேசாக நெத்திலி மணத்தது.

பன்னிரண்டாம் குடத்தில் 'டமார்' என்றது.

ஆவி அடங்கியபோது நாலு பாளமும் ஒரு கூடை ஜல்லியும் கிடந்தன. யாருக்கும் அடியில்லை. எம்.எல்.ஏ. வேட்டியில் மட்டும் ஒரு பொத்தல்.

கூட்டம் செம்மலைப் பார்த்தது. அவர் மைக்கைப் பிடுங்கினார். "பெருமக்களே! இத்தனை காலம் கொஞ்சங்கொஞ்சமா உரிச்ச அம்மா, இன்னைக்கு என் தலைமையில முழுச் சட்டையையும் கழட்டிப் போட்டுட்டு வெளிய வந்துட்டா!"

சங்கு முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். பதவி பிழைத்தது என்று செம்மல் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வெளிய வந்தவ இப்ப எங்கிட்டுண்ணே இருக்கா?" என்று கேட்டார் மலையாண்டி.

குலவை பாதியில் நின்றது. எல்லோரும் அவரவர் காலடியைப் பார்த்தார்கள். முதலில் காருக்குத் தாவியவர் எம்.எல்.ஏ.தான். அப்புறம் நாற்காலிகள் கவிழ்ந்தன, செருப்புகள் அனாதையாயின, ஊரே தார்ரோட்டில் போய் நின்றது.

மண்டபத்தில் தனியாக மாட்டிக்கொண்ட செம்மல், வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்து ஒரு நாற்காலியில் ஏறினார். கையில் மைக் இன்னும் உயிரோடு இருந்தது.

"ஆவுடையப்பா! ஒரு கம்போட வாய்யா! பதவியை நீயே வச்சுக்க!"