நாக்குப் பக்கம் பாயும் மின்சாரம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் வேலை பார்ப்பவளுக்கு ‘கரண்ட் அக்கா’ என்று பேர். நடுக்கத்தை அடக்க நோயாளியின் மூளைக்குள் வைத்த கம்பியிலிருந்து மின்சாரம் எதுவரை பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படமாக வரைந்து தருவாள். மூளையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முகம் ஒன்றுகூடத் தெரியாது.

அன்று சாயங்காலம் டாக்டர் அதிசயமாக ஒரு முகத்தையே அனுப்பிவைத்தார். கை நடுக்கத்தால் கத்தரியை மூலையில் போட்டுவிட்ட தையல்காரர்.

அவள் இரண்டு படங்களைத் திரையில் காட்டினாள். குரல் கரகரத்தது, இருமுறை செருமிக்கொண்டாள்.

“இந்தப் படத்துல கரண்ட் கொஞ்சமாத்தான் பரவுது. பேச்சு தெளிவா இருக்கும், ஆனா கை லேசா நடுங்கும். அந்தப் படத்துல கை ஆடாம நிக்கும். ஆனா பேச்சு நரம்பு வரைக்கும் கரண்ட் போயிடும், நாக்கு குழறும். நடுவுல ஒரு வழி கிடைக்குமான்னு மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டேன். கிடைக்கல.”

தையல்காரர் யோசிக்கவே இல்லை. “கையக் குடும்மா. ஊசியில நூல் கோக்கணும்.”

“அவசரப்படாதீங்க ஐயா. பேச்சு குழறினா வீட்ல இருக்கறவங்களுக்குப் புரியாதே?”

அவர் சிரித்தார். “வீட்ல யாரும்மா இருக்கா? தையல் மெஷின்தான் இருக்கு. அதுகிட்ட என்ன பேச?”

அவள் இரண்டாவது படத்தைத் தேர்ந்தெடுத்தாள். தன் குரல் ஏன் கரகரத்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் ஆள் அவர்தான்.