துளசியின் குரலுக்கு நாலு மோட்டார்

என் மனைவி துளசிமணியின் குரல் கிணற்றில் விழுந்துவிட்டது. நான் தோட்டத்தில் எந்த மூலையில் நிற்கிறேன் என்று தெரியாமல், கிணற்று மேட்டில் நின்று கொஞ்சம் குனிந்தவாக்கில், "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். "ஏனுங்க" மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. மீதி உள்ளே போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் இது நடப்பதுதான். வாளி விழும், செல்போன் விழும், குரல் விழும். வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி எடுத்துவிடலாம். குரல் கொக்கியில் மாட்டாது, வழுக்கும். ஆளை இறக்குவதும் வம்பு. மேற்குத் தோட்டத்து நாச்சாத்தாளின் குரலை எடுக்க முங்கியவர், அடியில் மூச்சு முட்டி வாயைத் திறந்துவிட்டார். அது அவர் வாய்க்குள் ஏறிக்கொண்டது. இன்றைக்கும் பால் சொசைட்டியில் அவர் நாச்சாத்தாள் குரலில்தான் சண்டை போடுகிறார். நாச்சாத்தாள் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள். அதனால் இப்போதெல்லாம் வாயே இல்லாத ஒன்றைத்தான் இறக்குகிறார்கள். வீட்டிலேயே பைப்பும் மோட்டாரும் வைத்து ஒரு ரோபோ கட்டிக்கொள்கிறார்கள்.

ரோபோ கட்டுவது எனக்குப் பெரிய கவலை இல்லை. வெள்ளிக்கிழமைதான் கவலை.

எங்கள் கிணறு கூட்டுக்கிணறு. பாதி எனக்கு, பாதி என் பெரியப்பா மகன் சென்னியப்பண்ணனுக்கு. தண்ணீருக்கு முறை உண்டு. ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர். வெள்ளிக்கிழமை காலையில் மூணு பேஸ் கரண்ட் வந்ததும் அவர் முறை ஆரம்பம். அடியில் கிடக்கும் பெரிய மோட்டாரை அவர் போட்டால், துளசியின் குரல் தண்ணீரோடு உறிஞ்சப்பட்டு, குழாயேறி, அவருடைய வாழைக்குப் பாய்ந்துவிடும். வாழைக்குப் பாய்ந்த குரலை ஆண்டவனே வந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. என் முறையில் நான் மோட்டாரைத் தொடவே இல்லை. மஞ்சள் காய்ந்தது. காய்ந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டால் போதும். கரையில் நின்று வாய்விட்டுக் கேட்டால் முறையை விட்டுக்கொடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வரப்பு விஷயமாக நின்றது, நின்றதுதான். எதைச் சொல்வதானாலும் துளசிதான் நடுவில் நின்று சொல்வாள். அவள் குரலோ உள்ளே கிடக்கிறது.

குரல் தானாகவே அவரிடம் கேட்டுப் பார்த்தது. "மாமா, இந்த வாரம் மோட்டார் போடாதீங்க மாமா." அண்ணன் எட்டிப் பார்க்காமலேயே பதில் சொன்னார்.

"கெணத்துக்குள்ளிருந்து வர்றது கெணத்துப் பேச்சு. கெணத்துல பாதி என்னுது. என்ற கெணறே என்கிட்டக் கேட்டா அதையெப்படிங்க கணக்குல எடுக்கறது? கரையில இருந்து ஒரு வாய் கேக்கோணும்."

நியாயம்தான். துளசி கரையில் நின்று கைசாடை காட்டினாள். சாடை வழக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பதற்றம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கொட்டாவி விடுகிறேன் என்று நினைத்துப் பலபேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு வாய் மூடவே இல்லை. திறந்த வாயோடுதான் பஸ் ஏறிக் காந்திபுரம் போனேன். அங்கே ஒரு சந்தில் எஸ்தர் என்கிற அம்மா ரோபோ சாமான் கடை வைத்திருக்கிறார்.

"யாரு குரலுங்க?" என்றார்.

"வீட்டுக்காரி."

"அடியில தங்கிருச்சுங்களா, மெதக்குதுங்களா?"

"அடியில. சேத்துக்கிட்ட."

அவர் ஒரு சின்ன பம்ப் மோட்டாரை எடுத்து மேசையில் ஓட்டிக் காட்டினார். தண்ணீர் புகாமல் அடைத்தே வருகிறதாம். நேராகக் கம்பி கொடுத்தால் சுற்றும். வேலை சுலபம். ஆனால் உள்ளே கார்பன் பிரஷ் உரசி 'கரகர' என்றது. "இந்தக் கரகரப்பு குரல்ல ஒட்டிக்குமுங்க. பொறகு தொண்டை கட்டுன மாதிரியே பேசுவாங்க" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

அடுத்தது பிரஷ் இல்லாத மோட்டார். மூன்று கம்பி. உள்ளே தண்ணீர் புகுந்தாலும் ஒன்றும் ஆகாது. காயிலுக்குப் பூச்சு இருக்கிறது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். சத்தமும் இல்லை. ஆனால் அது தானாகச் சுற்றாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக ஒரு கன்ட்ரோலர் வேண்டும். எல்லாச் சுகத்துக்கும் ஒரு வில்லங்கம் கூடவே வருகிறது.

"திருப்பிச் சுத்துனா?" என்று கேட்டேன்.

"மூணு கம்பில ஏதாச்சும் ரெண்ட எடம் மாத்திப் போடுங்க. திரும்பிக்கும்."

எங்கள் கிணற்று மோட்டாருக்கும் அதே வழிதான். மனசு கொஞ்சம் அமைதியானது. சரி, என்று ஒரு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். அவர் வாங்கித் திரும்ப வைத்துவிட்டார்.

"இது ஏரோப்ளேன் பொம்மைக்குங்க. முன்னாடி மட்டும்தான் போகும். கீழ போனா மேல வராது."

தெரியாமல் இதை வாங்கிப் போயிருந்தால் ரோபோ துளசியின் குரலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குடும்பம் நடத்தியிருக்கும். இரண்டு பக்கமும் சுற்றவிடும் கன்ட்ரோலர் வேறு இருந்தது. மோட்டார் இழுக்கிற கரண்டைவிடக் கன்ட்ரோலர் தாங்குகிற கரண்ட் அதிகமாக இருக்கவேண்டும், ஒட்டி ஒட்டி எடுத்தால் கருகும் என்றார். நான் இரண்டு மடங்கு தாங்குவதாகக் கேட்டேன். மூன்று மடங்கு இருக்கிறதா என்றும் கேட்டேன். அவர் என் வாயையே பார்த்தார்.

கன்ட்ரோலரைக் கரையில் வைக்கலாமா என்றால், கம்பி நீளத்தில் வலு குறைந்துவிடுமாம். உள்ளேயே போகவேண்டும். டப்பாவில் வைத்து எபாக்ஸிப் பசை ஊற்றிக் கல்லாக்கிவிட வேண்டும். ஏறி இறங்க இரண்டு மோட்டார், போக வர இரண்டு. புரொப்பல்லர் விசிறிக்குச் சுற்றிலும் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் குரலை வார்த்தை வார்த்தையாகத் துண்டு போட்டுவிடும்.

"இன்னொண்ணு. கரண்ட் குடுத்ததும் கன்ட்ரோலரு மோட்டார் வழியா மூணு தரம் கூவும். உசுரு வந்துருச்சுன்னு அர்த்தம். அந்தக் கூவல நிறுத்திக் குடுக்கட்டுங்களா?"

நான் யோசித்தேன். கூவாவிட்டால் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதை நினைத்தே எனக்கு உயிர் போய்விடும்.

"கூவட்டும்" என்றேன்.

"அப்பக் கரையில நிக்கிறவங்க வாயத் துண்டால கட்டிக்கோங்க" என்று மட்டும் சொல்லிச் சாமான்களைப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து பைப்பை அறுத்துச் சட்டம் கட்டினேன். நாலு மூலையில் நாலு மோட்டார். நடுவில் ஓர் ஊறுகாய் ஜாடி. குரல் எந்த வாயைக் கண்டாலும் நுழையும், ஜாடி வாயானாலும் நுழையும். கயிற்றை இழுத்தால் மூடி விழும்படி செய்தேன். தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தபோது ஒரு மோட்டார் திருப்பிச் சுற்றி ரோபோ குட்டிக்கரணம் போட்டது. இரண்டு கம்பியை மாற்றினேன். சரியாகிவிட்டது.

எபாக்ஸிதான் என் உயிரை எடுத்தது. புதன்கிழமை தூறல் போட்டுவிட்டது. ஈரக் காற்றில் அது பிசுபிசுவென்றே இருந்தது. வியாழக்கிழமை காலையில் விரலை வைத்தேன், ஒட்டியது. மதியம் வைத்தேன், ஒட்டியது. துளசி கையைத் தட்டிவிட்டாள். விரல் வைத்துக்கொண்டே இருந்தால் எப்படிக் காயும் என்று அர்த்தம். குரல் இல்லாவிட்டாலும் அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். தட்டை 'டங்' என்று வைத்தால் சாப்பாடு, இரண்டு 'டங்' என்றால் மோர்.

சாயங்காலம் கிணற்றோரம் போனேன். குரல் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, மஞ்சளுக்குத் தண்ணி விடலியா?"

"விட்டா நீ போயிருவியே."

"போனாப் போறேன். இங்க நல்லாத்தான் இருக்குது. குளுகுளுன்னு. யாரையும் நாலு தரம் சாப்பிடக் கூப்பிட வேண்டியதில்லை."

குரல் தண்ணீருக்குப் பழகிவிட்டால் பிறகு ஜாடி, குடம் எதிலும் ஏறாது. "அப்படிச் சொல்லாத துளசி" என்றேன், துண்டை வாயில் பொத்திக்கொண்டே. அவள் காதில் அது சரியாக விழுந்திருக்காது.

வெள்ளிக்கிழமை விடியும்போது எபாக்ஸி காய்ந்துவிட்டது. நானும் துளசியும் ரோபோவைக் கிணற்று மேட்டுக்குத் தூக்கிப் போனோம். வாயைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டேன். பேட்டரியை மாட்டினேன். கயிறும் கம்பியும் பிடித்து இறக்கினேன். தண்ணீரைத் தொட்டதும், கம்பியின் மேல் நுனியில் இருந்த கைப்பெட்டியில் கரண்டைக் கொடுத்தேன். நாலு மோட்டாரும் சேர்ந்து மூன்று தரம் கூவின. உயிர் வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

அடியிலிருந்து குரல் கேட்டது. "யாரது?"

வாயைக் கட்டிக்கொண்டு பெண்டாட்டிக்குப் பதில் சொன்னால் அது முணுமுணுப்பு. முணுமுணுத்தால் அவளுக்கு ஆகாது. யாரது என்று வீட்டுக்காரி கேட்டால் பதில் சொல்லாமலும் இருக்கமுடியாது. துண்டை இறக்கி, குனிந்து, "நாந்தான்" என்றேன்.

அவ்வளவுதான். என் குரலும் விழுந்தது. துண்டும் கூடவே போனது.

கெட்டது குடி என்று கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. துளசி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் கைப்பெட்டியில் பொத்தானை அமுக்கி ரோபோவை இன்னும் இறக்கினேன். ஜாடிக்குள் ஏதோ நுழைந்து கயிறு நடுங்கியது. மூடியைத் தட்டி மேலே ஏற்றினோம். துளசி ஜாடியைத் தன் வாய்க்கு நேராகப் பிடித்துத் திறந்தாள்.

"நாந்தான்" என்றாள். என் குரல்.

புதிதாக விழுந்த குரல் மேலாக மிதந்திருக்கிறது. ஜாடியில் அதுதான் முதலில் அகப்பட்டது. துளசியுடையது இன்னும் அடியில். அந்த நேரம் பார்த்துக் கம்பத்து விளக்கு எரிந்தது. மூணு பேஸ் வந்துவிட்டது. வரப்பு மேல் சென்னியப்பண்ணன் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். நேராக ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போய்க் கதவைத் திறந்தார். பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் போய்விட்டது.

வாய் இருந்தும் குரல் இல்லை. குரல் இருந்திருந்தாலும் பேச்சுவார்த்தை இல்லை.

துளசி முன்னால் போனாள். வழக்கம்போல "மாமா" என்று கூப்பிடத்தான் வாயெடுத்தாள். என் குரலுக்கு அவரை மாமா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. அதற்குத் தெரிந்ததுதான் வந்தது.

"அண்ணா" என்றாள். "அண்ணா, இந்த ஒரு வாரம் உங்க முறைய உட்டுக் குடுங்கண்ணா."

அண்ணன் கை அப்படியே நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"குரலு யாருதா இருந்தா என்ன. வாய் துளசியோடது. கரையில இருந்து ஒரு வாய் கேட்டுருக்குது. கேட்டது துளசிதான். சரி புள்ள, அடுத்த வாரம் போட்டுக்கறேன்."

பெட்டியைச் சாத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே, கயிற்றின் ஒரு நுனியை வந்து பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் முறை ரோபோ அடிவரைக்கும் போனது. நான் மோட்டாரை மெதுவாகச் சுற்றவிட்டேன், சேறு கலங்கக் கூடாதே. ஜாடி கனத்தது. மேலே கொண்டுவந்தோம். கடவுளே, வந்துவிட்டாள், வந்துவிட்டாள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் மூடியை நானே திறந்துவிட்டேன். துளசியின் வாய் ஏற்கெனவே நிறைந்திருந்தது. என் வாய் பதற்றத்தில் திறந்து கிடந்தது.

இப்போது அவள் குரல் என்னிடம்தான் இருக்கிறது. நான் பேசினால்தான் அதைக் கேட்கமுடியும். அதனால் அன்றிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பேசியதில்லை. அவளுக்கு என் குரல் வந்ததிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. திரும்ப ஒரு தரம் இரண்டையும் கிணற்றில் போட்டு மாற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். அது என் குரலுக்குப் பழக்கமான பதில்.

நேற்று சோறு இறக்கியபிறகு கிணற்று மேட்டில் நின்று, குனியாமல், "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டேன். துளசி மஞ்சள் காட்டிலிருந்து வந்தாள். நாலு தரம் கூப்பிட்டபிறகுதான் வந்தாள்.

சென்னியப்பண்ணனும் குரல் கேட்டு வரப்போரம் வந்து நின்றார். என்னைப் பார்த்து, "ஏம்புள்ள துளசி" என்றார். அன்றைக்கு வாயைக் கணக்கில் எடுத்தவர், இப்போது குரலைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். "உன்ற ஊட்டுக்காரன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. மழைக்கு முன்னால அந்த வரப்ப ரெண்டு பேருஞ் சேந்து எடுத்துக் கட்டிப் போடலாமான்னு. அப்பறம், அந்த மிசினும் கெணத்துல எறங்கிப் பாடுபட்டிருக்குது. அதுக்கும் வாரத்துல ஒரு நாள் முறை உடோணுமல்லோ."

"கேட்டுச் சொல்லறனுங்க மாமா" என்றேன்.

உள்ளே போய்த் துளசியிடம் கேட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே யோசித்து, என் குரலில் பதில் சொன்னாள். நான் திரும்பி வரப்புக்குப் போனேன்.

"அண்ணன் சொன்னாச் சரின்னு சொன்னாருங்க மாமா. மிசினுக்குப் புதன்கெழமை."

அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டி எடுக்கப் போனார். இன்றைக்குப் புதன். நாங்கள் யாரும் மோட்டார் போடவில்லை. கிணற்றுக்குள் ரோபோ தானாக இறங்கி மூன்று தரம் கூவியது.