அடுக்களையில் ஓடிய மெஷின்

...சுத்தமா இருக்கு என்றாளே ஆஸ்பத்திரியில் அந்தப் பெண், சுத்தமாம், அந்த ஒரு சொல்லைப் பூவனலிங்கத்தால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, திருநெல்வேலியில் ஏறிய பஸ் தாழையூத்து தாண்டிய பிறகும் அது தொண்டையிலேயே நின்றது. சந்தோஷப்பட வேண்டிய நாள்தான் இது. மடியில் பை, பைக்குள் தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர்களுக்கான மெஷின், இனி அது அவருக்கே. ராத்திரிக்கு நாலு மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும், மாதத்தில் இருபத்தொரு நாளாவது மாட்டியிருக்க வேண்டும், மாட்டாவிட்டால் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்பது இன்சூரன்ஸ்காரர்கள் விதி. மெஷின் போனால் வேலையும் போகும். கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன், குச்சி மருந்து கலக்குகிற அறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டால் எந்த முதலாளி வைத்திருப்பார்? திட்டக்கூட இல்லை மனிதர், தோளைத் தொட்டு எழுப்பி, வைத்தியம் பார்த்துவிட்டு வாங்க, இல்லையென்றால் வீட்டில் இருங்க என்றார், திட்டியிருந்தால் தேவலை, பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் தலையைக் குனிந்து சிரித்தார்கள்... பக்கத்து சீட்டில் வள்ளிமயில், ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, பஸ் கிளம்பியதுமே தூங்கிப்போனாள். இவளுக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூடத் தூங்குவாள், கும்பகர்ணன் தங்கச்சி என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே எத்தனை தடவை கேலி பேசியிருக்கிறார்.

மெஷின் வந்த நேரம் சரியில்லை, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், வேறென்ன... இல்லை, நேரத்தைக் குற்றம் சொல்லி என்ன செய்ய. மகள் ஐஸ்வர்யா பிள்ளை பெற்று வந்திருந்தாள், மருமகன் முத்துசெல்வம் பிள்ளையைப் பார்க்க வந்தவர் லேப்டாப்பிலேயே வேலை என்று மாசம் முழுக்கத் தங்கிவிட்டார், இருக்கிற ஒரே அறையை அவர்களுக்கு விட்டாயிற்று, மொட்டை மாடியில் கரண்ட் கிடையாது, மிச்சம் இருப்பது கூடம். கூடத்தில் மாமனார் மூக்கில் தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்க, மருமகன் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால்? வளைகாப்புக்குப் பட்டு வேட்டி கட்டிச் சபையில் நின்ற மாமனார். கயத்தாற்றில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்குச் சேதி போகும், அவியளுக்கு ஏதோ பெரிய வியாதியாம்லா என்று கயத்தாறு முழுக்கப் பேசுவார்கள். அடுக்களையில் படுங்களேன் என்றாள் வள்ளிமயில். ஆம்பளை அடுக்களையில் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தால் அதற்கு வேறு கதை கட்டுவார்கள் என்று எரிந்து விழுந்தார். அவள் கீரையை ஆய்ந்து முடித்தாள். அப்புறம், "மெஷின்ல மணிக்கணக்கு ஓடணும், அம்புட்டுத்தான? நான் மாட்டிக்கிடுதேன். நீங்க மாடில போய்ப் படுங்க" என்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? பாயைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறினார். அவ்வளவுதான்.

அதைத்தான் இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் வேர்த்து ஊற்றியது. மெஷின் கணக்குப் பார்க்கிற பெண், சத்யபிரியா என்று பேர் மாட்டியிருந்தாள், மகள் வயதுதான் இருக்கும், கம்ப்யூட்டரில் என்னென்னவோ கோடுகளைத் தள்ளிக்கொண்டே பேசினாள். வீட்டில் வேறு யாருக்காவது மாட்டிவிட்டு மணியை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்களாம். பூவனலிங்கம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே வராந்தாவில் வள்ளிமயில் உட்கார்ந்திருந்தாள், நல்ல வேளை, அவள் உள்ளே இருந்திருந்தால் முகமே காட்டிக் கொடுத்திருக்கும். "நல்லா மூச்சு விடுற ஆளு மாட்டுனா மெஷின் சும்மாதான் ஓடும் அங்கிள். உங்களுக்கு முதல் வாரமெல்லாம் பாருங்க, எத்தனை தடவை மூச்சு நின்னிருக்குன்னு. மெஷின்தான் அழுத்தித் தள்ளிக் குடுத்திருக்கு. உங்க கணக்கு சுத்தமா இருக்கு" என்றாள். தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது, கும்பிட்டுவிட்டு வந்தார், பஸ் ஸ்டாண்டில் இரண்டு காபி சொன்னார், சிரித்துப் பேசினார்கூட. வெட்கம் கெட்டவன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான்... முதல் வாரம் நின்றது யாருடைய மூச்சு? முதல் வாரம் அவர் மாடியில் அல்லவா கிடந்தார்.

கங்கைகொண்டானும் போயிற்று, கரிசல் காட்டில் உளுந்து பூத்துக் கிடக்கிறது, தூரத்தில் காற்றாலைகள் சுற்றுகின்றன, எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. இவளுக்குமா? எத்தனை வருஷமாக? ஒரே பாயில் படுத்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்... எப்படித் தெரியும், அவர் குறட்டைக்கு மேல் வேறு சத்தம் எங்கே கேட்கும். அவருக்கு மூச்சு நின்றால் அவள்தான் விலாவில் இடித்துப் புரட்டிப் போடுவாள், அதை டாக்டரிடம் விவரமாகச் சொன்னதும் அவள்தான். அவளைப் புரட்டிப் போட யார் இருந்தார்கள்? அடுக்களையில் படுத்த நாட்களில் ஒரு காலை, தேங்காய் துருவிக்கொண்டே, "இந்தக் காத்து நல்லாத்தாங்க இருக்கு, எந்திரிச்சா தலவலி இல்ல" என்றாள். ஓசி காற்றுதானே, நல்லாத்தான் இருக்கும் என்றார். மகள் சிரித்தாள், மருமகன் சிரித்தார், வள்ளிமயிலும் சிரித்தாள். தினமும் தலைவலியோடுதான் எழுந்தாளா என்று ஏன் கேட்கத் தோன்றவில்லை? மருமகன் ஊருக்குப் போன அன்றே மெஷினைத் தூக்கி வந்து தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அவள் குழாயைத் துடைத்துக் கொடுத்தாள்.

அவளுக்கும் மூச்சு நிற்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், மாட்டியது நானில்லை என்று, மெஷின் போகும், வேலை போகும். சொல்லாவிட்டால்... அவளைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மாராப்பு ஏறி இறங்கியது, ஏறியது, அப்புறம் அசையவே இல்லை, பஸ் குலுக்கலில் தலை மட்டும் ஆடியது. அவரும் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார், தொடவேண்டும், ஏன் கை வரவில்லை, விலாவில் இடிக்கவேண்டும், அவள் இடிப்பாளே அப்படி... கை நீளுவதற்குள் அவளே தொண்டை அடைத்துத் திமிறி விழித்துக்கொண்டாள்.

"கயத்தாறு தாண்டியாச்சா?"

இன்னும் இல்லை என்றார். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் மடியில் இருந்த பையைப் பார்த்தாள், பாதி திறந்திருந்த ஜிப்பை இழுத்து மூடினாள். "தூசி போயிரும். பத்திரமா வச்சுக்கிடுங்க." இன்று ராத்திரி நீ மாட்டிக்கொள் என்று சொல்லிவிட வேண்டும், இப்போதே, கயத்தாறு வருவதற்குள். வேண்டாம், உங்களுக்கு வேலை இருக்குல்லா, நீங்க போடுங்க என்றுதான் அவள் சொல்லுவாள், அது அவருக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்ததால்தான் வாய் இவ்வளவு தைரியமாகச் சொல்லப் பார்க்கிறதா?