நேராக நடந்து காட்டிய நாள்

இருபத்தாறு வயதில் ஆட்டத்தை முடித்துவைத்த வலது காலை இழுத்து இழுத்து, லாக்கி இம்ரி கிர்க்டூன் மைதானத்தின் படியேறினார். அங்கே தான் ஆடிய கால்பந்து அணிக்கே பதினோரு வருஷம் மேனேஜராக இருந்தவர், இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு புது மேனேஜரைத் திட்ட வருகிறார்.

மேல்படியில் கைத்தடியோடு ருவாரி பெட்ரி. லாக்கிக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. லாக்கி மேனேஜராக இருந்தபோது அவர் அணியில் ஆடியவன்; கோப்பை அரையிறுதியன்று வீங்கிய முட்டியோடு, வலியை மரத்துப்போகச் செய்யும் ஊசி வேண்டாம் என்று அடம்பிடித்தவன் அவன்.

"நானும் இதே ஊசியைப் போட்டுக்கிட்டு ஆடினவன்தான்டா. என்ன கெட்டுப்போச்சு? பாரு!" என்று உடைமாற்றும் அறையில் நொண்டாமல் நடந்து காட்டினார் லாக்கி. அணி ஜெயித்தது. ருவாரி அதற்குப் பிறகு ஆடவேயில்லை.

"வாங்க பாஸ், குளிருக்குச் சூடா சூப் குடிங்க," என்று குவளையை நீட்டினான் ருவாரி.

அந்த மரியாதைதான் லாக்கியைச் சுட்டது. "அன்னைக்கு உன்னை ஏமாத்திட்டேன்டா."

"ஏமாத்தினீங்களா? நீங்க நொண்டுறது ஊருக்கே தெரியும்," என்று சிரித்தான் ருவாரி. "அவ்வளவு வலியோட நேரா நடந்தீங்களே, பாவமா இருந்துச்சு. அதான் ஊசிக்குக் காலை நீட்டினேன்."