பெரிய டீச்சர் அரை டைல்ஸ் நகர்ந்த கதை

எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் ஜெராக்ஸ் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருப்பதும், என் வீட்டுக்கும் பெரிய டீச்சர் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான் இருப்பதும் என் குற்றமா? பள்ளிக்கூடத்துக் காகிதம் அத்தனையும் பகலில் என் கை வழியாகப் போகிறது. அந்த வீட்டுப் பேச்சு அத்தனையும் சாயங்காலம் என் காது வழியாகப் போகிறது. நடுவில் நான் கண்ணையும் காதையும் கழற்றி வைத்துவிட்டா உட்கார முடியும்?

பெரிய டீச்சர் என்றால் எங்கள் தலைமையாசிரியை. எனக்கே ஏழாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். அவர் நடந்து வந்தால், பேரன் எடுத்த ஆசாமிகள்கூடச் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

சின்ன டீச்சர் அவருடைய மருமகள். அதே பள்ளி, அதே ஏழாம் வகுப்பு, அதே அறிவியல். அவருக்கு அது சோதனை வருடம். மாதக் கடைசிக்குள் தலைமையாசிரியை ஒரு வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, படிவத்தில் 'நிரந்தரம் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

மாமியார்தானே, கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார் என்று நினைக்கிறவர்களுக்குப் பெரிய டீச்சரைத் தெரியாது. பெற்ற மகனையே இரண்டு மதிப்பெண்ணில் பெயிலாக்கியவர் அவர். சொந்தக்காரி என்று சலுகை காட்டினதாக யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று மருமகளிடம் மட்டும் இரண்டு மடங்கு கறார். அந்த மகன் இப்போது லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். வீட்டில் அவரை வெளியே எடுக்கத்தான் ஆள் இல்லை.

விஷயம் ஒரு நோட்டில் ஆரம்பித்தது. பிரவுன் அட்டை போட்ட நோட்டு. பெரிய டீச்சர் தன் கையால் எழுதிய பாடக் குறிப்பு. வருடா வருடம் பள்ளி திறக்கும் வாரத்தில் அது என் கடைக்கு வரும், நகல் எடுத்துக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு எழுத்து மாறவில்லை. என் மெஷின் காகிதமே இல்லாமல் அதை ஒப்பிக்கும்.

திங்கட்கிழமை சின்ன டீச்சர் ஏழாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டி வந்தார். கையில் அந்த நோட்டு. இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் கால்வாசி தண்ணீர், வாயை இறுக்க ஒரு கார்க், கார்க்கில் ஓர் ஊசி, ஊசியில் சைக்கிள் பம்ப். பாட்டிலைத் தலைகீழாக நிறுத்திக் காற்றடித்தால், தாங்க முடியாத ஒரு கட்டத்தில் கார்க் பிய்த்துக்கொண்டு தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே கிளம்பும். அதுதான் ராக்கெட். முதல் ராக்கெட் கிளம்பாமலே படுத்துக்கொண்டது. இரண்டாவது, விளையாட்டு மாஸ்டரின் தொப்பியைத் துரத்திக்கொண்டு போனது. மூன்றாவது பள்ளிக்கூடக் கூரைக்கு மேலே ஒரு ஆள் உயரம் ஏறி இறங்கியது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் நனைந்து, குதித்து, கத்தித் தீர்த்தார்கள். நானும் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டுப் பார்த்தேன்.

அந்த உற்சாகத்தில் சின்ன டீச்சர் நோட்டைப் பிரித்து, இருந்ததை அப்படியே உரக்கப் படித்துவிட்டார். ராக்கெட்டிலிருந்து வெளியேறுவது தரையை உதைக்கிறது, தரை திருப்பி உதைப்பதால் ராக்கெட் மேலே போகிறது. எனக்கும் இதே வரிதான். ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அறிவியலில் நான் முழுசாக வாங்கினது அது ஒன்றுதான்.

டெய்லரின் மகள் ஒருத்தி அந்த வகுப்பில் உண்டு. கேள்விக்குறி என்று பட்டம். சொட்டச் சொட்ட நனைந்த நிலையிலும் கையைத் தூக்கினாள்.

“மிஸ், ஆகாசத்துக்குப் போனப்புறம் அங்க தரையே இல்லையே. அப்போ எதை உதைக்கும்?”

சின்ன டீச்சர் நோட்டைப் பார்த்தார். பிறகு, “நாளைக்குச் சொல்றேன்மா” என்றார்.

சாயங்காலம் கடைக்கு வந்து, போனிலிருந்து நாலு பக்கம் பிரிண்ட் கேட்டார். மெஷினிலிருந்து தலைகீழாக வரும் காகிதத்தைப் படிப்பது எனக்குக் கைவந்த கலை, எல்லாம் ராக்கெட்தான். முகம் வாடியிருக்கிறதே என்று விசாரித்தேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

“அக்கா, ராக்கெட் எப்படி மேல போகுதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். உதைக்கிறது, திருப்பி உதைக்கிறது, எல்லாம்.

“அது தப்புக்கா. நான் படிச்சது வேற. கையில இருந்ததைப் பார்த்துப் படிச்சுட்டேன்.”

“போகட்டும் விடுங்க டீச்சர். பசங்கதானே, நாளைக்கே மறந்துடும்.”

“எங்க மறக்குது? நீங்களே இன்னும் மறக்கலையே.”

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதில் கொஞ்சம் குறைக்கலாமா என்றுகூட யோசித்தேன். குறைக்கவில்லை.

அன்றைக்கு எனக்குச் சுவரோரம் உட்கார்ந்து துணி மடிக்கிற வேலை இருந்தது. நிறையத் துணி. அந்தப் பக்கம் சின்ன டீச்சர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ராக்கெட்டுக்குத் தரை வேண்டாம், அது எதை வெளியே எறிகிறதோ அதையேதான் உதைக்கிறது, எறியப்பட்டதும் ராக்கெட்டைத் திருப்பித் தள்ளுகிறது என்றார். பெரிய டீச்சர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, தரை இல்லாவிட்டால் காற்றை உதைக்கும், அதிலென்ன என்றார். காற்றே இல்லாத இடத்துக்கும் ராக்கெட் போகிறதே அத்தை என்றார் மருமகள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாயா என்றார் மாமியார். லிஃப்ட் மெக்கானிக், இரண்டு பேர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் பெரிய டீச்சரின் குரல் தணிந்தது. அவர் குரல் தணிந்தால்தான் பயம்.

“இருபத்திரண்டு வருஷம், எத்தனை பிள்ளைங்க. அத்தனை பேருக்கும் தப்பா சொல்லிக் கொடுத்திருக்கேன்னு சொல்றே. வெள்ளிக்கிழமை உன் வகுப்புக்கு வரேன். படிவம் கொண்டு வரேன். ராக்கெட் பாடமே எடு. நோட்டுல உள்ளபடி எடு.”

அப்புறம் தட்டு கழுவும் சத்தம் மட்டும்தான்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கேள்விக்குறி வகுப்பு வாசலில் நின்று, ‘மிஸ், எதை உதைக்கும்?’ என்று கேட்டாளாம். மூன்று நாளும் ‘வெள்ளிக்கிழமை’ என்றே பதிலாம். நானும் என்னாலான உதவியாக விஷயத்தைத் தெருவில் நாலு பேருக்குச் சொல்லி வைத்தேன். சின்ன டீச்சர் வேலையைக் காப்பாற்றிக்கொள்வாரா, வார்த்தையைக் காப்பாற்றுவாரா என்பதுதான் அந்த வாரம் முழுக்கப் பேச்சு. பெரும்பாலானோர் வேலை பக்கம். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனேன். பக்கத்து மாடியில் சின்ன டீச்சர் இரண்டு தலையணை உறையை விரித்து எதையோ திணித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புருஷன் குனிந்து நின்று தைத்துக் கொடுக்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி எடுத்தால் மாமியார் கண்ணில் படும் என்று தலையணை உறையில் துணிமணியைக் கட்டுகிறார்கள். தனிக்குடித்தனம். கீழே இறங்குவதற்குள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டெய்லர் வீட்டில் சொன்னேன், மருந்துக்கடையில் சொன்னேன், அந்த இரண்டு இடத்தில் சொன்னால் போதும்.

சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தால், வாசலில் சின்ன டீச்சர் நிற்கிறார்.

“அக்கா, நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் உங்க சேர் வேணும்.”

என் சுழல் நாற்காலி. அடியில் ஐந்து சக்கரம். நான் அதில் உட்கார்ந்தபடியே மெஷினுக்கும் மேசைக்கும் போய் வருவேன். தனிக்குடித்தனத்துக்கு முதல் சாமானாக என் நாற்காலியா என்று திகைத்துப்போனேன். வகுப்புக்கு என்றார். அப்படியானால் நாற்காலி போகும் இடத்துக்கு நானும் வருவேன் என்று நிபந்தனை போட்டேன். சிரித்துவிட்டு, கூடவே லிஃப்ட் மெக்கானிக்கை அனுப்பி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை. கடைசி பெஞ்சில் பெரிய டீச்சர், மடியில் படிவம், பேனா மூடி கழற்றியாயிற்று. ஜன்னலோரம் நான். முன்னால் என் நாற்காலியும் இரண்டு தலையணையும்.

சின்ன டீச்சர் நோட்டைத் திறக்கவில்லை. கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“திங்கட்கிழமை நான் உங்களுக்குச் சொன்னது தப்பு.”

நோட்டு என்று சொல்லவில்லை. யார் எழுதினது என்று சொல்லவில்லை. நான் என்றார். முப்பத்தெட்டுத் தலையும் ஆடாமல் நின்றது. டீச்சர்கள் தப்பு என்ற வார்த்தையைத் தங்களுக்குப் போட்டு அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. பின்னாலிருந்து பேனா மூடி போடும் சத்தம் வந்தது. போச்சு என்று நினைத்தேன்.

கேள்விக்குறியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். முதல் தலையணையைக் கொடுத்து, மார்போடு அணைத்து முன்னால் எறியச் சொன்னார். எறிந்தாள். தலையணை இரண்டாவது பெஞ்சில் விழுந்தது. நாற்காலி ஒரு விரற்கடை அசைந்தது. இரண்டாவது தலையணை. அதே உறை, அதே அளவு. ஆனால் வாங்கும்போதே அவள் கை தாழ்ந்தது. நடுவில் ஐந்து கிலோ மணல், சுற்றிலும் பஞ்சு. மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். தலையணை காலடியிலேயே தொப்பென்று விழ, நாற்காலி அவளோடு பின்னால் ஓடிக் கரும்பலகைக்குக் கிட்டே நின்றது. பிள்ளைகள் தரையை எண்ணினார்கள். ஒரு முழு டைல்ஸ்.

“காத்தை உதைச்சுத்தான் போகும்னா, ரெண்டும் ஒரே சைஸ். ரெண்டும் ஒரே அளவு காத்தைத்தான் தள்ளும். பஞ்சுக்கு ஏன் போகலை?” என்று கேட்டார் சின்ன டீச்சர்.

பதில் வருவதற்குள் பெஞ்சு நகரும் சத்தம். பெரிய டீச்சர் எழுந்து வந்துகொண்டிருந்தார்.

“சின்னப் பொண்ணு. காலால தள்ளியிருப்பா.”

இல்லவே இல்லை என்று கேள்விக்குறி சத்தியம் பண்ணினாள். பெரிய டீச்சர் காதில் வாங்காமல், படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பஞ்சுத் தலையணையை எறிந்தார். இருந்த இடத்திலேயே இருந்தார். மணல் தலையணையைத் தூக்கிக்கொண்டார்.

“அத்தை, காலைத் தூக்கிக்கோங்க.”

பள்ளிக்கூடத்தில் மேடம் என்பதுதான் சட்டம். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. பெரிய டீச்சர் காலைத் தூக்கினார். தலைமையாசிரியையின் கால் தரையில் படாமல் இருந்ததை எங்கள் ஊரில் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான். எறிந்தார்.

நாற்காலி பின்னால் போனது. அரை டைல்ஸ்.

யாரும் கை தட்டவில்லை. தட்டத் தைரியம் இல்லை. பெரிய டீச்சர் கீழே டைல்ஸ் கோட்டைப் பார்த்தார், மணல் மூட்டையைப் பார்த்தார். பிறகு எழுந்திருக்காமலே, எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து ஞாபகம் இருக்கும் அதே குரலில் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

“அவ ஒரு டைல்ஸ் போனா. நான் அரைதான் போனேன். ஏன்?”

“நீங்க வெயிட்டு, மேடம்” என்றாள் கேள்விக்குறி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சரியான விடை” என்றார் பெரிய டீச்சர். “அப்போ ஆகாசத்துல எதை உதைக்கும்?”

“தூக்கிப் போடுறதையே உதைக்கும் மேடம்.”

“உட்கார்.” எழுந்தவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். “இவ்வளவு வழுக்குதே, எண்ணெய் போட்டது யாரு?”

“உங்க பையன்” என்றார் சின்ன டீச்சர்.

ஆக, மாடியில் தலையணை தைத்த கையேதான் நாற்காலிக்கும் எண்ணெய் போட்டிருக்கிறது. கல்யாணமான நாலு வருடத்தில் அந்த மனுஷன் ஒரு பக்கம் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. பெரிய டீச்சர் படிவத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் கடைக்கு வந்தார். படிவத்தில் ஒரு நகல் வேண்டுமாம். கவிழ்த்து வைத்துக் கொடுத்தார். மெஷினிலிருந்து எப்படியும் நிமிர்ந்துதானே வரும். கருத்து என்ற இடத்தில் மூன்று வரி. ‘திங்கட்கிழமை தவறு. வெள்ளிக்கிழமை திருத்தம். நிரந்தரம் செய்யலாம்.’ கீழே கையெழுத்து. கூடவே பிரவுன் அட்டை நோட்டும் இருந்தது. அந்த ஒரு வரியின்மேல் சிவப்பு மையில் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது.

“அந்தக் கேள்விக்கு உனக்கு எத்தனை போட்டேன்?” என்று கேட்டார்.

“அஞ்சுக்கு அஞ்சு டீச்சர்.”

“அதுல எனக்கும் பாதி தப்பு இருக்கு. ரெண்டரை குறைச்சுக்கோ.”

போகிறபோது வாசலில் திரும்பினார். மருமகள் வீட்டை விட்டுப் போவதாக மருந்துக்கடைக்காரர் துக்கம் விசாரித்தாராம். அது யார் சொன்னது என்று தனக்குத் தெரிய வேண்டியதில்லையாம், சொன்னவர்களே போய்த் திருத்திவிட்டால் போதுமாம்.

டெய்லர் வீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் போனேன். ‘நான் சொன்னது தப்பு’ என்று ஒரு வாக்கியம். சின்ன டீச்சர் முப்பத்தெட்டுப் பேர் முன்னால் நின்று சொன்னது எனக்கு இரண்டு பேர் முன்னால் சொல்ல வரவில்லை. அவர்கள் மனசு மாறி இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாற்காலி திரும்ப வந்துவிட்டது. எண்ணெய் மட்டும் போகவில்லை. மெஷினின் காகித டிராயரை உள்ளே தள்ளினால் டிராயர் போகும் முன் நான் பின்னால் போகிறேன். துடைத்துக் கொடுங்கள் என்று லிஃப்ட் மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, வெயிட் போட்டால் குறையும் அக்கா என்கிறார்.