க்ரூயேரில் திரேசா கேட்டது

1

இந்தக் கதை எனக்குச் சுவிஸில், ஓல்டன் ரயில் நிலையத்தில் கிடைத்தது. சூரிச் ரயில் பிந்திவிட்டது. பக்கத்தில் நின்ற சிவமலர், "நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே? இதை எழுதுங்கோ. பேர்களை மட்டும் மாத்திவிடுங்கோ" என்றாள். மாற்றிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அல்ப்ஸ் மலையின் மடியில், வெண்பனி போர்த்திய அந்தக் காலை...' (அடித்துவிட்டேன். அது ஓகஸ்ட் மாதம். வெயில் மண்டையைப் பிளந்ததாம்.)

2

க்ரூயேருக்கு அண்மையில், ஏரிக்கரையில் இரண்டு கரவன்கள்* நின்றன. ஒன்று சிவமலரும் கணவர் சண்முகலிங்கமும் இழுத்து வந்தது. மற்றது திரேசாவும் அவள் கணவர் சிறீதரனும் கொண்டு வந்தது. பல கோடைகளாக நண்பர்கள் நால்வரும் இப்படித்தான் சேர்ந்து ஊர் சுற்றினார்கள். பிரெஞ்சு பேசும் பக்கம் போனால் திரேசாதான் எல்லாருக்கும் வாய். ஜேர்மன் பேசும் ஓல்டனுக்கு வருமுன், பிரெஞ்சு பேசும் லோசானில் வாழ்ந்தவள்.

(*காரின் பின்னால் கொழுவி இழுக்கும் வீடு. சண்முகலிங்கம் அதைத்தான் 'சொந்த வீடு' என்பார். குடியிருக்கும் வீடு வாடகை.)

அன்று காலை பாலாடைக்கட்டி செய்வதைப் பார்த்தார்கள். பிறகு கல் பதித்த தெருவில் ஏறிக் கோட்டையைச் சுற்றினார்கள். மத்தியானம் உணவகத்தில் பணிப்பெண் வந்து நின்றாள். மூவரும் திரேசாவைப் பார்த்தார்கள். திரேசா உணவு அட்டையைப் பார்த்தாள், பணிப்பெண்ணைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். வாய் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை.

"திரேசாக்கான்ர லோசான் பிரெஞ்சு ஓல்டன் தண்ணியில கரைஞ்சு போச்சு!" என்றாள் சிவமலர்.

ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரேசாவும் சிரித்தாள். [அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது, ஏதோ ஒரு... விடுகிறேன்.]

3

பின்னேரம் ஆண்கள் காரை எடுக்கப் போனார்கள். பெண்கள் இருவரும் கோட்டை மதிலோரம் இருந்தார்கள்.

"மலர், உன்ர ஹைமில மறதி வந்த ஆக்கள் இருக்கினமெல்லோ," என்றாள் திரேசா. "அவைக்கு முதல்முதல் என்னெண்டு தொடங்கினது?"

"ஐயோ அக்கா, லீவில வந்தும் வேலைக் கதையோ? அங்க பாருங்கோ, மாடுகள் என்ன வடிவு!"

"ஓம், வடிவுதான்."

அதற்குப் பிறகு திரேசா கேட்கவில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சிவமலர்மேல் சந்தேகம் வந்தது. ஹைம் என்கிற முதியோர் இல்லத்தில் மறதி நோயாளர்களைப் பராமரிப்பதே அவள் வேலை. அவளுக்கா விளங்காமல் போகும்? வாசகர் நம்புவாரா? கேட்டே விட்டேன்.

"ஹைமில எண்டா ஆள் வாசலுக்க வரேக்கையே பிடிச்சிடுவன்," என்றாள். "இது என்ர அக்காவெல்லோ."

4

அடுத்த வசந்தத்தில் சிறீதரன் தொலைபேசியில் அழைத்தார். திரேசா க்ரூயேருக்குப் போகுமுன்பே தனியாக வைத்தியரிடம் போயிருக்கிறாள். மறதி நோய் தொடங்கிவிட்டது என்று தெரிந்தும் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

"முதல்ல மலருக்குத்தான் சொல்லுவமெண்டு இருந்தவவாம்," என்றார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே சிவமலரால் போய்ப் பார்க்க முடியவில்லை. வேலை என்றாள், தடிமன் காய்ச்சல் என்றாள். கரவன் பயணம் தானாகவே நின்றுபோனது. ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

நான் ஒரு முடிவு எழுதிக் காட்டினேன். அதில் திரேசா "மலர்!" என்று கூப்பிட, இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

"அப்பிடி நடக்கேல்லை," என்றாள் சிவமலர்.

இன்னொன்றில் அவள் போய்ச் சேருமுன் திரேசா... (இதை நான் காட்டவில்லை. கிழித்துவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவமலர் போனாள். சிறீதரன் கதவைத் திறந்தார். யன்னலோரக் கதிரையில் திரேசா தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள்.

"இப்பத்தான் கண்ணயர்ந்தவ," என்றார் சிறீதரன். "எழுப்பட்டோ?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். சிவமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'ஓம்' என்று எழுதிப் பார்த்தேன். 'வேண்டாம் அண்ணை, தூங்கட்டும்' என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் என் பதில்கள், அவளுடையவை அல்ல.

சிறீதரனின் கை திரேசாவின் தோளுக்கு மேலே, தொடாமல் நிற்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.